நூலகத்தில் நடக்கும் ஆங்கில வகுப்பை எப்படிப் பெரிதாக்குவது?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் இது எதற்கான பதில் என்று தெரியட்டும். திருச்சிப் பக்கத்திலிருந்து கணவரின் வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்கு வந்து அங்கே பீனிக்ஸ் பகுதியில் குடியிருக்கிறீர்கள். பக்கத்துக் கிளை நூலகத்தில் சனிக்கிழமை காலை ஒன்றரை மணி நேரம் நடக்கும் ஆங்கில வகுப்புக்குத் தன்னார்வமாக உதவப் போகிறீர்கள். காங்கோ, புருண்டி, எத்தியோப்பியா, வங்காளதேசம், இலங்கை, நம் ஊர் என்று பல இடத்துக்காரர்கள் வருகிறார்கள். முதல் வாரம் நாற்காலி போதவில்லை, இரண்டாவது மாதம் பாதி அறை காலி. இந்த நிலையில் நூலகர் "இதைப் பெரிதாக்க ஒரு திட்டம் எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்பிப் பார்க்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். வகுப்புகளைக் கூட்டச் சொல்வதா, கணினிக்கு மென்பொருள் கேட்பதா, சம்பளத்துக்கு ஓர் ஆசிரியரைக் கேட்பதா என்பது உங்கள் கேள்வி. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால் உங்களை உறுத்துவது வேறு என்று தோன்றுகிறது: வந்தவர்கள் ஏன் நிற்கவில்லை? அதற்கு விடை தேடாமல் வகுப்பைக் கூட்டினால், இப்போது ஓர் அறையில் காலியாகிற நாற்காலிகள் நாளைக்கு மூன்று அறைகளில் காலியாகும்.

நான் டர்பனில் பல வருடமாகப் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். கோயில் மண்டபம், தேவாலயக் கூடம், நூலகத்து மூலை மேஜை என்று எல்லா இடத்திலும் நடத்தியிருக்கிறேன். வகுப்பறைக்குள் நடப்பதைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். நகராட்சிக்குள் கோப்பு எப்படி நகர்கிறது என்பதை வெளியில் நின்று பார்த்தவள்தான், அதனால் பணம் பற்றிச் சொல்லும்போது சட்டத்தில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். எங்கே என் அபிப்பிராயம் வருகிறதோ அங்கே அபிப்பிராயம் என்றே சொல்லிவிடுகிறேன்.

உறுதியான விஷயத்திலிருந்து தொடங்கலாம், அதாவது கணக்கு. ஐரோப்பிய மொழித் தர அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது, ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். கேம்பிரிட்ஜ் தேர்வு நிறுவனம் இதற்குத் தோராயமான மணிக்கணக்கு கொடுத்திருக்கிறது. ஏ2வைத் தொட 180 முதல் 200 மணி நேரம், பி1க்கு 350 முதல் 400, பி2வுக்கு 500 முதல் 600. ஏ2 என்றால் கடையில், கிளினிக்கில், பள்ளிக்கூட வாசலில் சமாளிக்கலாம். பி1 வந்தால் வேலையிடத்தில் ஒரு பிரச்சினையை விளக்கிச் சொல்லலாம். இது ஆசிரியரோடு இருக்கும் நேரம், ஏற்கெனவே படிப்புப் பழக்கம் உள்ளவர்களை மனதில் வைத்துப் போட்ட கணக்கு. உங்கள் வகுப்பு வாரம் ஒன்றரை மணி நேரம். விடுமுறை போக வருடத்துக்கு நாற்பது வாரம் நடந்தால் 60 மணி நேரம். ஒரு வாரம்கூட விடாமல் வருகிறவர் ஏ2வைத் தொட மூன்று வருடம் ஆகும், பி1க்கு ஆறு வருடம். இன்னொரு வகுப்பைச் சேர்த்தாலும் ஒன்றரை வருடம், மூன்று வருடம். வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது, ஆனால் உடம்பு சொல்லிவிடுகிறது: எட்டு வாரம் போனேன், இன்னும் கிளினிக்கில் வாய் திறக்க முடியவில்லை. அப்புறம் ஏன் வரப் போகிறார்கள்?

அதனால் உங்கள் திட்டத்தின் மையம் 'வகுப்புகள் எத்தனை' என்பதாக இருக்கக் கூடாது, 'ஒரு மனிதர் வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆங்கிலம் கேட்டுப் பேசிப் படிக்கிறார்' என்பதாக இருக்கட்டும் என்பது என் முடிவான கருத்து. வகுப்பு அதில் ஒரு பகுதி. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து பேசிப் பழகும் பேச்சு மேஜை, வீட்டுக்கு எடுத்துப் போகிற எளிய புத்தகம், குழந்தைக்குக் கதை படித்துக் காட்டும் அரை மணி, கணினியில் தானே செய்கிற பயிற்சி, இவை எல்லாம் மீதி. பள்ளிக்கூடத்தைவிட நூலகத்துக்கு இருக்கும் பலமே இதுதான். அது வாரம் முழுக்கத் திறந்திருக்கிறது, காசு வாங்குவதில்லை, யாரும் பரீட்சை வைப்பதில்லை, ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்பதில்லை. சனிக்கிழமை வகுப்புக்கு மட்டும் வந்து போகிறவரை மற்ற நாளிலும் உள்ளே வரவைத்துவிட்டால் அதுவே பெரிய விரிவாக்கம், அதற்குப் புதுக் கட்டடமோ புது ஆளோ வேண்டியதில்லை.

இனி ஆட்களைப் பற்றி. நாற்பது பேர் ஓர் அறையில் உட்கார்ந்தால் அவர்கள் எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியாது என்பது மட்டும்தான் பொது, வேறு எதுவும் பொது இல்லை. கின்ஷாசாவில் பிரெஞ்சு வழியில் படித்துப் பள்ளி ஆசிரியராக இருந்தவர் இங்கே கார் நிறுத்துமிடத்தில் காவல் பார்ப்பார். அவருக்கு எழுத்து, இலக்கணம், படிக்கும் முறை எல்லாம் கைவந்தது, பேசத்தான் ஆள் வேண்டும். அவரை ஏ பி சி டி எழுதவைத்தால் மூன்றாவது வாரம் மரியாதையாக நின்றுவிடுவார். எத்தியோப்பியாவிலிருந்து வந்து துணிக்கடை வைத்திருப்பவருக்கு அம்ஹாரிக் எழுத்து நன்றாகத் தெரியும், ஆங்கில எழுத்து புதிது. நம் தமிழர்களில் தமிழ் மட்டும் படித்தவர்களும் வங்காளிகளும் இதே வரிசைதான். இவர்களுக்குப் படிப்பு என்றால் என்ன என்று தெரியும், புது எழுத்தைப் பழக்கிவிட்டால் வேகமாக ஓடிவிடுவார்கள். சோமாலிகள் கதை வேறு. 1972லிருந்து சோமாலி மொழி லத்தீன் எழுத்தில்தான் எழுதப்படுகிறது, அதனால் தன் மொழியில் படித்த சோமாலிக்கு எழுத்து பழக்கமானது, ஆனால் உள்நாட்டுப் போருக்குள் வளர்ந்து பள்ளிக்கூடமே பார்க்காதவர்களும் அவர்களில் நிறைய. எந்த மொழியிலும் படிக்காத ஒரு பெண்மணி உங்கள் வகுப்பில் இருந்தால், அவர்தான் முதலில் காணாமல் போகிறவர். பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் அவருக்கு அது ஓவியம் வரைவது போல. அவமானப்படுத்த யாரும் நினைத்திருக்க மாட்டார்கள், ஆனாலும் அவர் அவமானத்தோடுதான் வீட்டுக்குப் போவார். மேலே சொன்ன மணிக்கணக்கு அவருக்குப் பொருந்தவே பொருந்தாது, பல மடங்கு நேரம் வேண்டும்.

இந்த மூன்று வகையையும் பிரிக்கப் பரீட்சை தேவையில்லை. முதல் நாள் ஒவ்வொருவரோடும் பத்து நிமிடம் தனியாக உட்காருங்கள். பெயர், எங்கிருந்து வந்தீர்கள், என்ன வேலை, குழந்தைகள் எந்தப் பள்ளி என்று பேச்சுக் கொடுங்கள். ஒரு சின்னத் தாளில் பெயரையும் தெருவையும் எழுதச் சொல்லுங்கள். பேனாவைப் பிடிக்கும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். அவர் மொழியில் ஏதாவது எழுதச் சொன்னால் மீதியும் தெரியும். பிறகு ஒரே நேரத்தில், ஒரே கூடத்தில், வகைக்கு ஒன்றாக மூன்று மேஜை. மூன்று தனி வகுப்பு நடத்த ஆள் இல்லாவிட்டாலும் மூன்று மேஜைக்கு ஆள் கிடைக்கும். நான் பார்த்தவரையில் வருகையை நிலைநிறுத்த இதைப் போல வேலை செய்தது வேறு எதுவும் இல்லை. ஆய்வு முடிவாக இதைச் சொல்லவில்லை, அனுபவமாகச் சொல்கிறேன்.

இன்னொன்று, ஒவ்வொரு வாரமும் அந்த வாரத்தோடு முடிகிற மாதிரிப் பாடம் வையுங்கள். போன வாரத் தொடர்ச்சி என்று ஆரம்பித்தால் ஒரு வாரம் வராதவர் அடுத்த வாரமும் வரத் தயங்குவார், இரண்டு வாரம் போனால் முடிந்தது. பெரியவர்கள் வராமல் போவதற்குச் சோம்பல் காரணமில்லை. குழந்தைக்குக் காய்ச்சல், ஷிப்ட் மாறிவிட்டது, பலரை ஏற்றிப் போகும் மினிபஸ் டாக்ஸிக்குக் காசில்லை, விசாவும் அடையாளத் தாளும் தரும் ஹோம் அஃபேர்ஸ் அலுவலக வரிசையில் ஒரு நாள் போய்விட்டது. இதில் எதையும் நம்மால் மாற்ற முடியாது. திரும்பி வரும்போது தடை இல்லாமல் வைத்திருக்க முடியும்.

சனிக்கிழமை காலையைப் பற்றியும் கேட்டே ஆக வேண்டும். அந்த நேரம் யாருக்கு வசதி? நூலகத்துக்கும் தன்னார்வலருக்கும். நடைபாதையில் சாமான் விற்கிறவருக்கும், முடி திருத்துகிறவருக்கும், ஸ்பாஸா என்கிற சின்ன மளிகைக் கடை வைத்திருப்பவருக்கும் வாரத்திலேயே வியாபாரம் நடக்கிற நாள் சனிக்கிழமைதான், அதுவும் மாதக் கடைசிச் சனிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். முஸ்லிம்களுக்கு வெள்ளி மதியம் ஜும்மா, எத்தியோப்பியக் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு முழுக்க வழிபாடு. நம்மவர்களுக்குத் தைப்பூசக் காவடி சமயத்திலும் புரட்டாசியிலும் கோயில் வேலை. குழந்தைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் தாய்மார்களுக்கு வார நாளில் ஒன்பது முதல் பத்தரை பொருத்தமான நேரம், கடைக்காரர்களுக்குப் பெரும்பாலும் வாரத் தொடக்கத்து மதியம். இருட்டிய பிறகு வைத்தால் பெண்கள் வர மாட்டார்கள், டாக்ஸி ஸ்டாண்டிலிருந்து நடந்து வருகிற பாதையை நினைத்தால் வரச் சொல்லவும் மனம் வராது. திட்டம் எழுதுவதற்கு முன்னால், நின்று போனவர்களில் சிலருக்காவது போன் பண்ணி எந்த நேரம் முடியும் என்று கேளுங்கள். வருகிறவர்களிடம் கேட்டால் வருகிறவர்களுக்குப் பிடித்த பதில்தான் கிடைக்கும்.

இங்கே ஒரு விஷயம், நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது. டர்பனில் கோவேந்தர், நாயுடு, பிள்ளை, மூட்லி என்று பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டுப் புதிதாக வருகிறவர்கள் தமிழ் பேசிச் சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். 1860 நவம்பர் 16ல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களில் தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்தார்கள், அவர்களில் பெரும்பான்மை சென்னை வழியாக வந்தவர்கள். அவர்களுடைய கொள்ளுப் பேரப் பிள்ளைகள் தேவாரம் பாடுவார்கள், காவடி எடுப்பார்கள், வீட்டில் பேசுவது ஆங்கிலம்தான். அதனால் கோயில் பணிக்கு இலங்கையிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ வருகிற குருக்களின் மனைவி, நூறு தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவில் இருந்துகொண்டே பேச ஆளில்லாமல் இருப்பார். கோயில் வட்டத்தைவிட்டு வெளியே வரக் காரணமும் இருக்காது. இப்படிப்பட்ட பெண்களை நூலகத்துக்கு வரவைப்பது கஷ்டம், ஆனால் அவர்களுக்காகவே நீங்கள் அங்கே இருப்பது முக்கியம். நீங்கள் தமிழில் இரண்டு வார்த்தை பேசி உள்ளே கூட்டிவந்தால் போதும். பிறகு அவரவர் நிலைக்கான மேஜையில் காங்கோக்காரரோடும் வங்காளியோடும் உட்காரவையுங்கள். தமிழர்களை மட்டும் ஒரு மேஜையில் போட்டால் ஒன்றரை மணி நேரமும் தமிழில்தான் போகும்.

ஐசிஸுலுவையும், அதாவது சுலு மக்களின் மொழியையும், மறந்துவிடாதீர்கள். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் சுமார் 8.7 சதவீதம், ஐசிஸுலு பேசுகிறவர்கள் 24.4 சதவீதம். டர்பன் இருக்கும் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் ஐசிஸுலுதான் பெரும்பான்மை மொழி. கறுப்பின மக்கள் அதிகம் வாழும் டவுன்ஷிப் பகுதியில் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு வாடிக்கையாளரோடு பேச முதலில் வேண்டியது ஐசிஸுலு, படிவம் நிரப்ப வேண்டியது ஆங்கிலம். குடியுரிமைச் சட்டம்கூட ஆங்கிலம் வேண்டும் என்று சொல்லவில்லை, அதிகாரப்பூர்வ மொழிகளில் ஏதாவது ஒன்றில் பேச முடிய வேண்டும் என்றுதான் 1995ம் வருடச் சட்டத்தின் 5வது பிரிவு கேட்கிறது. அதனால் ஒரு ஐசிஸுலுப் பேச்சு மேஜையையும் திட்டத்தில் சேருங்கள் என்பேன். அக்கம்பக்கத்துச் சுலு மூதாட்டி ஒருவர் சொல்லித் தருகிறவராக வந்து உட்காரும்போது அந்த அறையின் சூழ்நிலையே மாறும், இதை நேரில் பார்த்திருக்கிறேன்.

என்ன சொல்லித் தருவது என்பதில் நீண்ட ஆலோசனை தேவையில்லை. பிரிட்டனில் அச்சான பாடப் புத்தகத்தில் லண்டன் சுரங்க ரயிலில் சீட்டு வாங்குகிற உரையாடல் இருக்கும். இங்கே வேண்டியது மினிபஸ் டாக்ஸியில் இறங்க வேண்டிய இடத்தை முன்னால் உட்கார்ந்தவர் வழியாக டிரைவருக்குச் சொல்லி அனுப்புவது. கிளினிக்கில் எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, என்ன மாத்திரை எடுத்தேன் என்று சொல்வது. ஆசிரியரோடு பெற்றோர் சந்திப்பு, வாடகை ஒப்பந்தம், வங்கி, போலீசில் புகார். கற்பனைப் படிவம் வேண்டாம், உண்மைப் படிவத்தையே மேஜையில் வையுங்கள். கே53 என்று சொல்லும் இந்த நாட்டு ஓட்டுநர் பயிற்சி உரிமத் தேர்வுக்கான புத்தகத்தை வைத்து ஒரு மேஜை நடத்திப் பாருங்கள், ஆண்கள் தேடி வருவார்கள். சாலை விதி, குறி, கட்டளை வாக்கியம் எல்லாம் அதில் இருக்கிறது, முடிவில் கையில் ஓர் உரிமமும் கிடைக்கும். படித்துவிட்டு வந்தவர்களுக்கு அவர்கள் பட்டத்தைத் தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையத்துக்கு அனுப்பி மதிப்பீடு வாங்குவதில்தான் அக்கறை. அந்த விண்ணப்பத்தைப் படிக்கவும், ஒரு வேலைக் கடிதம் எழுதவும் உதவினால் அதுவே அவர்களுக்கு மேல்நிலைப் பாடம்.

படிக்கப் புத்தகம் வாங்கக் காசில்லை என்று நிற்க வேண்டாம். ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் என்ற தளத்தில் ஆப்பிரிக்க மொழிகளிலும் ஆங்கிலத்திலும் படக்கதைகள் இலவசம், அச்சடித்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் தமிழும் ஆங்கிலமும் உண்டு. ஃபண்ட்சா என்ற அமைப்பு இளைஞர்களுக்காக எளிய ஆங்கிலத்தில் இந்த நாட்டு வாழ்க்கைக் கதைகளைப் போனிலேயே படிக்கத் தருகிறது, பெரியவர்கள் அதை விரும்பிப் படிப்பார்கள். பிள்ளைகள் புத்தகத்தைப் பெரியவர் கையில் கொடுக்கும்போது மட்டும் கவனம். 'உங்கள் குழந்தைக்குப் படித்துக் காட்ட' என்று சொல்லிக் கொடுங்கள், அப்போது கூச்சம் இருக்காது. உண்மையிலேயே வீட்டில் படித்தும் காட்டுவார்கள்.

மென்பொருள் பற்றி. எழுதப் படிக்கத் தெரிந்தவருக்குச் சொற்களைச் சேர்த்துக்கொள்ளவும், காது பழகவும் போன் செயலிகள் உதவும், இதில் சந்தேகமில்லை. இலவசமாகவே நல்லவை இருக்கின்றன, அதனால் வருடக் கட்டணம் கட்டி வாங்கச் சொல்லி எழுத மாட்டேன். இந்த நாட்டில் டேட்டா விலை எளியவர்களுக்குச் சுமை. நூலகத்து இலவச வைஃபைதான் உண்மையான உதவி. திட்டத்தில் கேட்க வேண்டியது காதில் மாட்டும் ஹெட்போன்கள், மின்வெட்டிலும் வைஃபை நிற்காமல் இருக்க ஒரு பேட்டரி, கணினி முன் முதல் இரண்டு முறை பக்கத்தில் உட்கார ஓர் ஆள். படிப்பறிவே இல்லாதவரைக் கணினி முன் உட்காரவைத்துவிட்டு நாம் நகர்ந்துவிடக் கூடாது. செயலி யாருக்கும் பேசும் துணிச்சல் தராது. அது இன்னொரு மனிதர் முகத்தைப் பார்த்து, தப்பாகச் சொல்லி, அவர் புரிந்துகொண்டு தலையாட்டும்போது வருவது.

தன்னார்வலர்கள் நல்ல மனதோடு வருகிறார்கள், வந்து அவர்களே பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றரை மணியில் ஒரு மணி நேரம் தன்னார்வலர் குரல்தான் கேட்கும். ஒரு மேஜைக்கு நான்கைந்து பேர், கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக் காத்திருக்க வேண்டும், ஒவ்வொரு பிழையையும் திருத்தக் கூடாது, புரியாமல் போகிற பிழையை மட்டும் திருத்த வேண்டும். இந்த மூன்றையும் அரை நாள் பயிற்சியில் பழக்கிவிடலாம். ஆள் எங்கே என்று கேட்டால், நம்மவர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் டோங்காட்டிலும் ஓய்வு பெற்ற நம் பள்ளி ஆசிரியர்கள் எத்தனையோ பேர். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்திலும் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் படிக்கிற பிள்ளைகளைக் கேட்கலாம், ஆனால் தேர்வு மாதங்களில் அவர்கள் மறைந்துவிடுவார்கள் என்று கணக்கில் வையுங்கள். சம்பளம் கேட்பதாக இருந்தால் ஆசிரியருக்கு முன்னால் ஓர் ஒருங்கிணைப்பாளருக்குக் கேளுங்கள், பகுதி நேரமாக இருந்தாலும் சரி. நின்று போனவருக்குப் போன் பண்ணவும், மேஜைகளைப் பிரிக்கவும், தன்னார்வலர் வராத நாளில் மாற்று ஆள் தேடவும் ஒருவர் பொறுப்பாக இல்லாததால்தான் பெரும்பாலான வகுப்புகள் சாகின்றன. இது என் கணிப்புதான், ஆனால் நெடுநாள் பார்த்துச் செய்த கணிப்பு.

காகிதம் கேட்கக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். நூலக உறுப்பினர் அட்டைக்கு அடையாள எண், முகவரிச் சான்று என்று பொதுவாகக் கேட்கிறார்கள். அகதி விண்ணப்பதாரர் கையில் இருப்பது 1998ம் வருட அகதிகள் சட்டத்தின் 22வது பிரிவில் கொடுத்த தற்காலிக அனுமதித் தாள், அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டும். வாடகை அறை அவர் பெயரில் இருக்காது. வகுப்புக்கு வருகிறவரிடம் இவை எதையும் கேட்காதீர்கள். பெயர் போதும், போன் எண் விருப்பமிருந்தால். யாராவது வற்புறுத்தினால் 2021 ஜூலையிலிருந்து முழுதாக அமலில் இருக்கும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டுங்கள், தேவைக்கு மேல் தகவல் சேர்க்கக் கூடாது என்பது அதன் அடிப்படை விதிகளில் ஒன்று. புத்தகம் எடுத்துப் போக முழு அட்டை தர முடியாவிட்டால், ஒரு நேரத்தில் ஒரே ஒரு புத்தகம் என்ற மாதிரி எளிய அட்டை ஒன்றை நூலகரோடு பேசி ஏற்பாடு செய்யுங்கள். சில புத்தகம் திரும்பி வராமல் போகலாம், போகட்டும்.

வகுப்புக்குப் பெயர் வைக்கும்போது 'வெளிநாட்டவருக்கு' என்றோ 'அகதிகளுக்கு' என்றோ போடாதீர்கள், 'பெரியவர்களுக்கு ஆங்கிலம்' போதும். 2008லும் 2015லும் வெளிநாட்டவர் மீது நடந்த தாக்குதல்களை டர்பன் பார்த்திருக்கிறது. 2015 ஏப்ரலில் வீடு வாசலை விட்டு ஓடி வந்தவர்களுக்குச் சாட்ஸ்வொர்த்தில் கூடாரம் போட்டு வைத்திருந்தார்கள். 'நம் வரிப்பணத்தில் அவர்களுக்கு வகுப்பா' என்ற கேள்வி கட்டாயம் வரும், கேட்கிறவர்கள் எல்லோரும் கெட்டவர்களும் இல்லை, வேலையில்லாத பிள்ளை வீட்டில் இருக்கிறவர்கள். வகுப்பு எல்லோருக்கும் திறந்திருந்தால், நிறவெறிக் காலத்தில் பள்ளியைப் பாதியில் விட்ட சுலு அம்மாக்களும் நம் பாட்டிகளும் அதே மேஜையில் உட்கார்ந்தால், பதில் கண் முன்னாலேயே இருக்கும். அரசியலமைப்பின் 29வது பிரிவு, வயதுவந்தோர் கல்வி உட்பட அடிப்படைக் கல்வி உரிமை 'எல்லோருக்கும்' உண்டு என்கிறது, குடிமக்களுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. இதைத் திட்டத்தின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். பொது இடங்களை நிறவாரியாகப் பிரித்து வைத்த 1953ம் வருடச் சட்டம் 1990ல்தான் ஒழிந்தது. உள்ளே விடமாட்டார்கள் என்பது எப்படி இருக்கும் என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். அதனாலேயே இந்த விஷயத்தில் நாம் பின்வாங்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டு உதாரணம் கேட்டால் இரண்டு சொல்லலாம். நியூயார்க்கில் குயின்ஸ் நூலகம் 1977லேயே புதிதாகக் குடியேறியவர்களுக்கென்று தனித் திட்டம் தொடங்கியது. ஆங்கில வகுப்போடு அவரவர் மொழிப் புத்தகங்களையும் வாங்கி வைத்தது, சொந்த மொழிப் புத்தகத்துக்காக உள்ளே வருகிறவர் ஆங்கிலத்துக்கும் வருவார் என்பது அதில் நடைமுறை லாபம். டொரண்டோ நூலகங்களில் குடியேறியவர்களுக்கு வழிகாட்டும் ஊழியர்கள் வந்து உட்காருகிறார்கள், அவர்களுக்கான பணம் கனடா மத்திய அரசிடமிருந்து வருகிறது. இரண்டாவதை இங்கே சின்ன அளவில் செய்யலாம், மாதம் ஒரு முறை சட்ட உதவி தெரிந்த ஒருவரை நூலகத்தில் உட்காரவைத்தால் போதும். அமெரிக்காவில் மத்திய அரசு தரும் வயதுவந்தோர் கல்விப் பணத்துக்குத் தேர்வு மதிப்பெண் முன்னேற்றத்தைக் கணக்குக் காட்ட வேண்டும். அதை அப்படியே கொண்டுவர வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் கணக்கு நன்றாக வர வேண்டும் என்ற நெருக்கடியில் மெதுவாகப் படிக்கிறவர்கள்தான் முதலில் கழன்று விழுவார்கள். நீங்கள் எண்ணிக் காட்ட வேண்டியது மூன்றாவது மாதமும் வருகிறவர் எத்தனை பேர், நூலக அட்டை எடுத்தவர் எத்தனை பேர், கிளினிக்குக்குப் பிள்ளையைத் துணைக்குக் கூட்டிப் போகாமல் தானே போய்ப் பேசிவிட்டு வந்தவர் எத்தனை பேர்.

கடைசியாகப் பணம். அரசியலமைப்பின் 5வது அட்டவணைப்படி தேசிய நூலகம் தவிர மற்ற நூலகங்கள் மாகாணத்தின் பொறுப்பு, நடத்துவது பெரும்பாலும் நகராட்சி. அதனால் கேட்டால் இவர் அவரைக் காட்டுவார். 2007லிருந்து சமுதாய நூலகங்களுக்கென்று தேசிய நிதி மாகாணங்கள் வழியாக வருகிறது, உங்கள் கிளைக்கு அதில் ஏதாவது வருகிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். வயதுவந்தோர் கல்விக்கு மாகாணத்துக்கு ஒன்றாகச் சமுதாயக் கல்விப் பயிற்சிக் கல்லூரிகள் 2015லிருந்து இருக்கின்றன. அவர்களுக்கு வகுப்பு நடத்த இடம் தேவை, உங்களுக்கு ஆசிரியர் தேவை, பேசிப் பார்க்கலாம். பதிவுக்கு என்ன காகிதம் கேட்பார்கள் என்பதை மட்டும் முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு வழியும் நமக்குப் பழக்கமானதுதான். கேரளத்துக் குயிலோனிலிருந்து (கொல்லம்) ஒப்பந்தக் கூலியாக வந்த எம். எல். சுல்தான் கொடுத்த நன்கொடையில் எழுந்த கல்லூரிதான் 2002ல் டெக்னிகான் நேட்டால் என்ற இன்னொரு தொழில்நுட்பக் கல்லூரியோடு சேர்ந்து இன்றைய டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமானது. நம்மவர் பள்ளிக்கூடங்களில் எத்தனையோ, சமூகம் பாதிப் பணம் போட்டு அரசிடம் மீதியை வாங்கிக் கட்டியவை. கோயில் கமிட்டியிடமும் பள்ளிவாசல் கமிட்டியிடமும் தேவாலயத்திடமும் டாக்ஸிக் காசுக்கும் தேநீருக்கும் கேளுங்கள், பெரிய தொகை இல்லை, கொடுப்பார்கள்.

திட்டம் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். நின்று போனவர்களிடம் கேட்டறிந்த நேரம், மூன்று மேஜை ஏற்பாடு, பகுதி நேர ஒருங்கிணைப்பாளர், ஹெட்போனும் பேட்டரியும், காகிதம் கேட்காத சேர்க்கை, ஆறு மாதச் சோதனை, இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும். நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1ல் தொடங்குகிறது, வரவுசெலவுத் திட்டத்தின் வரைவை அதற்குத் தொண்ணூறு நாளுக்கு முன்பே, அதாவது மார்ச் முடிவதற்குள், மன்றத்தில் வைத்தாக வேண்டும். அதனால் உங்கள் தாள் நவம்பருக்குள் நூலகர் கையில் இருக்கட்டும். மார்ச்சுக்குப் பிறகு பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டங்கள் நடக்கும்போது, வகுப்புக்கு வருகிறவர்களில் வரத் துணிகிற இரண்டு மூன்று பேரையும் உள்ளூர் அம்மாக்களையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்களே எழுந்து பேசட்டும்.